கோடு போடும் விமானம், கோடு போடாத விமானம்

வானத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் எங்கள் தெருப் பிள்ளைகள் "ஏய், ராக்கெட் போகுதுடா!" என்று கத்துவார்கள். சின்ன வயதில் நானும் அப்படிக் கத்தியவன்தான். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்தப் பெயர் உண்டு. திருத்தணியில் அதற்குக் கூடுதல் நியாயம் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு வடகிழக்கே நூறு கிலோமீட்டருக்குள். வானம் தெளிந்திருக்கும் நாளில் நிஜ ராக்கெட்டையே மொட்டைமாடியில் நின்று பார்த்துவிடலாம். அது செங்குத்தாக எழும்பி, கடல் பக்கம் சாய்ந்து போகும். பின்னால் விடும் தடித்த வெள்ளைப் புகை, கொஞ்ச நேரத்தில் மேல்காற்றில் மாட்டி கோணல்மாணலாக வளைந்து கலையும்.

தலைக்கு மேலே ஊசியால் கீறினாற்போல் போகிற கோடு வேறு. அது புகையே அல்ல. அதைத்தான் நான் 2020-லிருந்து படம் எடுத்து வருகிறேன்.

எனக்குக் கல்யாண போட்டோ தொழில். மலைக்கோயில் ஊர் என்பதால் கோயிலில் தாலி கட்டுகிறவர்கள், மொட்டை அடித்துக் காது குத்துகிறவர்கள் என்று வேலை ஓயாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஸ்டுடியோ ஷட்டரை இறக்கியாயிற்று. சாயங்காலம் ஆனால் மகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போவேன். மார்ச் 25 முதல் மே 25 வரை உள்நாட்டுப் பயணிகள் விமானமே இல்லை. தலைக்கு மேலே கடந்து போகிற வெளிநாட்டு விமானங்களும் அருகிவிட்டன. அத்தனை நீலமாக, அத்தனை வெறுமையாக அந்த வானத்தை நான் பார்த்ததில்லை. பிறகு ஒரு நாள் மாலை, மேற்கிலிருந்து கிழக்கே ஒரே ஒரு கோடு. மகள் கைதட்டினாள். நான் கீழே ஓடி கேமராவை எடுத்து வந்தேன். கையில் அகப்பட்டது முகம் எடுக்கிற 85 மி.மீ. லென்ஸ். எடுத்த படத்தில் நீலத்தின் நடுவே ஒரு நூல் கிடந்தது. விமானத்தைக் காணவில்லை, ஆழம் இல்லை, அளவும் புரியவில்லை. கண்ணால் பார்த்தபோது நெஞ்சை நிறைத்தது, படத்தில் வெறும் கீறலாக இருந்தது. அந்த வித்தியாசத்தைச் சரிசெய்யத் தொடங்கியதுதான் இந்தப் பழக்கம்.

முதலில் லென்ஸ்தான் பிரச்சினை என்று நினைத்து தூரத்தைக் கிட்டே இழுக்கும் 150-600 மி.மீ. ஜூம் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. போயிங் 777-300ஈஆர் 74 மீட்டர் நீளம். அது நம் உச்சந்தலைக்கு நேர் மேலே பதினொன்றரை கிலோமீட்டர் உயரத்தில் பறந்தால், கண்ணுக்குத் தெரியும் அளவு முழுநிலவின் குறுக்களவில் முக்கால் பங்குதான். 600-ல் வைத்து எடுத்தாலும் ஃபுல் ஃபிரேம் கேமராவில் படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு வரும். இது நேர் மேலே இருக்கும்போது. பாதி வானத்துக்கும் கீழே, முப்பது டிகிரியில் தெரிந்தால் தூரம் இரட்டிப்பாகி 23 கிலோமீட்டர் ஆகிவிடும். நடுவில் இருக்கும் தூசியும் வெக்கையும் சேர்ந்து விமானத்தைக் கரைத்துவிடும். விமானத்தின் இறக்கையும் எஞ்சினும் பிரிந்து தெரிய வேண்டும் என்றால் உச்சிக்கு வரும் அந்த ஐந்தாறு விநாடிதான் நேரம். மணிக்கு 900 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 250 மீட்டர். ஒரு விநாடியில் தன் நீளத்தைப்போல் மூன்றரை மடங்கு நகர்ந்திருக்கும்.

ஆனால் லென்ஸ் வந்த பிறகும் படம் வரவில்லை. காரணம், எந்த விமானம் கோடு போடும் என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது.

இதை நான் கண்டுகொண்டது ஒரு மார்கழியில். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, காலையும் மாலையும் மாடிதான். ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு விமானங்கள், இரண்டும் கிழக்கு நோக்கி. முதலாவது கோடே போடாமல் வெள்ளிப் பொட்டாகப் போயிற்று. இரண்டாவது சுண்ணாம்பு தீட்டினாற்போல் பளிச்சென்று போட்டது. பறக்கும் விமானங்களின் பாதையையும் உயரத்தையும் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 ஆப்பைப் போனில் திறந்து பார்த்தேன். முதலாவது 35,000 அடி. இரண்டாவது 39,000 அடி. அன்றிலிருந்து பழைய பில் புக்கின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்: தேதி, நேரம், உயரம், கோடு உண்டா, எத்தனை நிமிடம் நின்றது. வளைகுடா நாடுகளிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் பக்கம் போகிற விமானங்கள் பலவும் எங்கள் வானத்தைக் கடந்துதான் போகின்றன, கணக்கெடுக்க விமானத்துக்குப் பஞ்சமில்லை. மூன்று மாதத்தில் பில் புக் சொன்னது இது: 35,000-ல் போனவை பெரும்பாலும் கோடு போடவில்லை. 37,000-ல் பாதிக்குப் பாதி. 39,000, 41,000-ல் போனவை அநேகமாக எல்லாம் போட்டன.

ஏன் என்று தேடிப் படித்தேன். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. ஊட்டிக் குளிரில் வாய் திறந்தால் புகை வருகிறதே, அதே சங்கதிதான். சூடான ஈரக்காற்று கடுங்குளிர்க் காற்றில் கலக்கும்போது ஆவி துளியாகிறது. எஞ்சினிலிருந்து வரும் நுண்ணிய கரித்துகள்களின் மேல் அந்தத் துளி ஒட்டி, அந்த நொடியே பனிக்கட்டித் தூளாக உறைகிறது. வெள்ளையாகத் தெரிவது அந்தப் பனித்தூள். இதற்கு மைனஸ் நாற்பதுக்கும் கீழான குளிர் வேண்டும். நம் பக்கத்தில் 35,000 அடியில் குளிர் அந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது. 39,000-க்கு ஏறினால் ஏறக்குறைய மைனஸ் ஐம்பது. ஐரோப்பாவின் குளிர்காலத்தில் இந்தக் குளிர் இன்னும் கீழேயே கிடைத்துவிடுகிறது. அங்கே இருப்பவர்கள் போடும் வீடியோக்களில் வானம் முழுக்கக் கோடாக இருப்பதற்கு விமான நெரிசலோடு இதுவும் ஒரு காரணம். அவர்கள் சொல்லும் 'எந்த விமானமும் கோடு போடும், நீ கேமராவோடு நில்' என்ற யோசனை திருத்தணிக்குப் பொருந்தாது. இங்கே உயரம் பார்த்துத்தான் கேமராவைத் தூக்க வேண்டும். கிழக்கே போகிற விமானங்களுக்கு 35, 37, 39, 41 ஆயிரம் என்று ஒற்றைப்படை உயரமும், மேற்கே போகிறவற்றுக்கு 34, 36, 38, 40 என்று இரட்டைப்படை உயரமும் ஒதுக்கியிருப்பார்கள். இது தெரிந்தால் ஆப்பைப் பார்த்த மாத்திரத்தில், எது நம்மை ஏமாற்றாது என்று சொல்லிவிடலாம்.

கோடு போடுவது குளிரின் வேலை. போட்ட கோடு நிற்பது ஈரத்தின் வேலை. மேலே காற்று உலர்ந்திருந்தால் விமானத்துக்குப் பின்னால் சின்ன வால் மட்டும் தெரியும், அதுவும் கூடவே அழிந்துகொண்டே போகும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் கோடு அழியாது. தடிக்கும், பஞ்சு பிரியும், அரைமணி நேரத்தில் பாதி வானத்தை மூடும் மென்மேகமாகிவிடும். அப்படி விரிந்த மேகத்தில் இருக்கும் பனியில் பெரும்பங்கு விமானம் கொண்டுவந்தது அல்ல. ஏற்கெனவே அந்தக் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஈரம். விமானம் அதை வெளியே காட்டிக் கொடுக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது இதுதான். உலக வானிலை அமைப்பு 2017-ல் தன் மேக அட்லஸைப் புதுப்பித்தபோது, பத்து நிமிடத்துக்கு மேல் நிலைக்கும் கோடுகளுக்கு 'சிர்ரஸ் ஹோமோஜெனிடஸ்' என்று மேகப் பெயரே கொடுத்துவிட்டது. மனிதனால் உண்டான கீற்று மேகம் என்று பொருள்.

அதனால் நான் விமானத்தைத் துரத்துவதைக் குறைத்துக்கொண்டு கோட்டின் ஆயுளை எடுக்க ஆரம்பித்தேன். பிறப்பு, வளர்ப்பு, கலைவு எல்லாம். ஒரு கோட்டுக்குக் குறைந்தது பதினைந்து நிமிடம் கொடுப்பேன்.

பிறப்பைப் பார்க்க 600 வேண்டும். எஞ்சினை ஒட்டிக் கோடு தொடங்காது. நடுவில் ஒரு வெற்று இடைவெளி இருக்கும், விமானத்தின் நீளம் அளவுக்கோ கொஞ்சம் கூடவோ. ஆவி குளிர்ந்து உறைய எடுக்கும் நேரம் அது. இரண்டு எஞ்சின் என்றால் இரண்டு இழை, ஏ380 போன்ற நான்கு எஞ்சின் விமானம் என்றால் நான்கு இழை; கொஞ்ச தூரத்தில் நான்கும் இரண்டாகிவிடும். இறக்கை நுனிகளில் சுழலும் காற்று அவற்றை வாரிச் சுருட்டிக்கொள்வதால் அப்படி.

அதற்கடுத்த ஒன்றிரண்டு நிமிடத்தில் நடப்பதைப் பலர் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் அதற்குள் விமானம் போய்விட்டது என்று கண்ணை எடுத்துவிடுவார்கள். ஒரு தை மாத மாலை. 39,000 அடியில் போன ஒரு 777. விமானம் கிழக்கே மறைந்த பிறகும் 300-ல் வைத்து அதே இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இணையாகப் போட்டிருந்த இரண்டு கோடுகளும் மெல்ல நெளிந்தன. நெளிவு ஒரே சீராக, அலைபோல. இரண்டு அலையும் எங்கெங்கே நெருங்கினவோ அங்கங்கே தொட்டுக்கொண்டன. தொட்ட இடத்தில் அறுந்து, அறுந்த முனைகள் ஒன்றோடொன்று கூடி, நீள்வட்ட வளையங்களாகிவிட்டன. வானத்தில் ஒரு சங்கிலி கிடப்பதுபோல, கண்ணி கண்ணியாக. மேற்கே சாய்ந்த வெயில் ஒவ்வொரு கண்ணியின் ஒரு பக்கத்தை மட்டும் ஆரஞ்சாக்கி, மறுபக்கத்தைச் சாம்பலாக விட்டிருந்தது. இருபத்திரண்டு படம் எடுத்தேன். இறக்கை நுனிச் சுழல்கள் இரண்டும் ஒன்றையொன்று குலைப்பதால் இது நடக்கிறது. 1970-ல் இதைக் கணக்குப் போட்டு விளக்கிய கிரோ என்ற ஆய்வாளரின் பெயரால் 'கிரோ நிலையின்மை' என்கிறார்கள். பத்துக் கல்யாண ஆல்பம் முடித்த நிறைவு அந்த ஒரு மாலையில் எனக்குக் கிடைத்தது.

இனி கேமரா விவரம். கல்யாணத்தில் கை பழகியவர்கள் இங்கே சிலவற்றை மறக்க வேண்டியிருக்கும்.

வெறும் நீலத்தில் ஆட்டோஃபோகஸ் பிடிமானம் இல்லாமல் முன்னும் பின்னும் ஓடும். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து விமானத்தின் மேலோ கோட்டின் கூர்மையான ஓரத்திலோ பிடிக்க வேண்டும். நான் செய்வது: நிலா இருந்தால் நிலாவில், இல்லாவிட்டால் தொலைவிலுள்ள மலைமுகட்டில் ஃபோகஸ் பிடித்து, மேனுவலுக்கு மாற்றி, வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவேன். வளையத்தைக் கடைசிவரை திருப்பினால் முடிவிலி என்று நம்பாதீர்கள். இப்போதைய லென்ஸ்கள் பலவும் முடிவிலியைத் தாண்டியும் திரும்பும். என் முதல் மாதப் படங்களில் பாதி அப்படித்தான் மங்கலாகப் போயின.

ஷட்டர் வேகம் 1/1000 விநாடி, லென்ஸ் துளை எஃப் 8, ஐஎஸ்ஓ 200 முதல் 400. பகல் வெளிச்சத்துக்கு இது போதும். வெள்ளைக் கோடு சுலபமாக விவரமே இல்லாத வெள்ளையாக வெந்து போய்விடும். ஒருமுறை வெந்தால் அந்தப் பஞ்சு இழைகளைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வெளிச்சத்தை அரை ஸ்டாப் குறைத்தே எடுங்கள், பிறகு திருத்த இடம் தரும் ரா ஃபைலாக எடுங்கள். மணப்பெண்ணின் வெள்ளைப் பட்டுக்கு எப்படிப் பார்ப்போமோ அப்படி, கேமராவின் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பாருங்கள். துளையைச் சுருக்கி எஃப் 16 பக்கம் போகாதீர்கள். மண்டபத்துக் கூட்டத்தில் கண்ணுக்கே படாத சென்சார் தூசி எல்லாம் நீல வானத்தில் கறுப்புப் பொட்டுகளாக வந்து நிற்கும்.

லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டரைப் போட்டால் நீலம் ஆழமாகி, கோடு எடுப்பாக வரும். சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் அது நன்றாக வேலை செய்யும். ஆனால் அகல லென்ஸில் போட்டால் வானத்தின் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிறல் என்று திட்டாகிவிடும். 70-க்கு மேல் மட்டும் போடுவது என் வழக்கம்.

கோடு விரிவதைக் காட்ட டைம்லாப்ஸ்போல் வேறில்லை. ஸ்டாண்டில் போனையே வைக்கலாம், எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு. மூன்று விநாடிக்கு ஒரு படம், பத்து நிமிடத்தில் 200 படம், எட்டு விநாடி வீடியோ. அந்த எட்டு விநாடியில் கோடு ஆற்று நீர்போல் ஒரு பக்கம் நகர்வது தெரியும். மேலே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைக் கீழே இருந்தே படித்துவிடலாம்.

படத்துக்கு அளவு வேண்டும் என்பதை அந்த முதல் 85 படம் சொல்லிக் கொடுத்தது. வெறும் வானத்தில் கோடு மட்டும் இருந்தால் பார்க்கிறவர்களுக்கு எதுவும் தோன்றாது. ஒரு தென்னங்கீற்று, கோபுரக் கலசம், வற்றாத ஏரித் தண்ணீரில் விழும் அதன் நிழல், ஏதாவது ஒன்று கீழே இருக்க வேண்டும். மலைக்கோயில் கோபுரத்துக்கு மேலே கோடு எங்கே வரும் என்று பார்த்து, 365 படிகளின் அடிவாரத்தில் இடம் பிடித்து நின்றிருக்கிறேன். ஆப்பில் விமானத்தைத் தொட்டால் போகும் பாதை தெரியும், ஆகவே கால்மணி நேரத்துக்கு முன்பே இடத்தை முடிவு செய்துவிடலாம்.

நேரம் என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: சூரியன் மறைந்த பிறகு வரும் பத்து, பன்னிரண்டு நிமிடம். நமக்கு இருட்டத் தொடங்கினாலும் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவருக்குச் சூரியன் இன்னும் மறையவில்லை. தெருவிளக்கு எரிகிறது, கோயில் மணி அடிக்கிறது, மேலே ஒரு கோடு மட்டும் உருக்கிய பொன்னாக ஓடுகிறது. பிறகு அது செம்பாகி, ரோஜாவாகி, ஒரு முனையிலிருந்து சாம்பலாகிக்கொண்டே வரும். பூமியின் நிழல் அந்தக் கோட்டின் மேல் ஏறுவதை நீங்கள் நேரில் பார்க்கிறீர்கள். எங்கள் ஊரில் தை மாதத் தொடக்கத்தில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறையும். 6:05 முதல் 6:15 வரை நான் யாருடைய போனையும் எடுப்பதில்லை.

மாதம் பற்றியும் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காற்று கழுவி விட்டதுபோல் இருக்கும் மார்கழி, தை, மாசி மூன்றும் சிறந்தவை. சித்திரை, வைகாசியில் வானம் பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும். கோடு போட்டாலும் எடுபடாது. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி இங்கே இன்னும் மேகம் சேராத நாட்களில் கோடுகள் நெடுநேரம் நிற்பதை என் பில் புக்கில் பலமுறை குறித்திருக்கிறேன். அதை வைத்து மழை ஜோசியம் சொல்ல மாட்டேன். மேலே ஈரம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நஷ்டப்பட்ட கதையும் சொல்ல வேண்டும். மேற்குப் பார்த்து ஸ்டாண்டில் கேமராவை வைத்து, 600 லென்ஸோடு, மூடியும் போடாமல் தண்ணீர் குடிக்கக் கீழே போனேன். மணி நான்கு. வந்து பார்த்தபோது சூரியன் ஃபிரேமுக்குள் இறங்கியிருந்தது. பூதக்கண்ணாடியில் காகிதம் எரிகிற வேலையை லென்ஸ் செய்துவிட்டது. ஷட்டர் திரையில் ஓட்டை. மாற்ற 11,000 ரூபாய் ஆயிற்று. பணம் போகட்டும். அதே லென்ஸ் வழியாகக் கண்ணாடி வியூஃபைண்டரில் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் பதறுகிறது. கோடு சூரியனை நோக்கிப் போனால் அங்கே விட்டுவிடுங்கள். எவ்வளவு அழகான கோடாக இருந்தாலும் சரி.

அரக்கோணம் எங்களுக்குப் பக்கம். அங்கே ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானத் தளம் இருக்கிறது. கடற்படை விமானங்கள் தாழ்வாகப் பறந்து போகும். பெரிய லென்ஸ் கையில் இருந்தால் ஆசை வரும். நான் அவற்றை எடுப்பதில்லை, தளத்தின் அருகே கேமராவோடு போவதும் இல்லை. விமானப்படைத் தளங்கள் உள்ள சூலூர், தஞ்சாவூர் பக்கம் இருப்பவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் போகும் பயணிகள் விமானம், நம் சொந்த மாடி, இந்த இரண்டோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சொந்த மாடியிலும் ஒரு தடவை பதில் சொல்ல நேர்ந்தது. எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் காலையில் வாசலில் நின்று, "இன்னா தம்பி, தெனமும் அவ்ளோ நீட்டு கேமராவ எங்க மாடிப் பக்கமே வெச்சிக்கினு நிக்கிற? நாங்க துணி காயப்போட வர வேணாமா?" என்றார். கோபத்தில் நியாயம் இருந்தது. அவர்கள் வீடு எங்களுக்கு மேற்கே; விமானங்கள் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். எதிர்மாடியில் நிற்பவருக்கு லென்ஸ் வானத்தைப் பார்க்கிறதா, மாடியைப் பார்க்கிறதா என்று எப்படித் தெரியும்? கேமராவைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து எடுத்ததையெல்லாம் காட்டினேன். சங்கிலிப் படத்தில் நெடுநேரம் நின்றார். அன்றிலிருந்து காலையில் அவர்கள் துணி காயப்போட்டு இறங்கிய பிறகுதான் மேற்கே திரும்புவேன். பெரிய லென்ஸோடு மாடி ஏறுகிறவர்கள் அக்கம்பக்கத்தில் முதலிலேயே சொல்லி, படத்தையும் காட்டிவிடுவது நல்லது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. விமானத்திலிருந்து ஏதோ மருந்து தூவுகிறார்கள், அதுதான் வெள்ளையாகத் தெரிகிறது என்று வாட்ஸாப்பில் வரும் செய்தியை ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் என்னிடம் காட்டுவார்கள். "அப்படித் தூவினால் ஒரு நாள் நிற்பதும் ஒரு நாள் உடனே அழிவதும் ஏன்?" என்று கேட்டு பில் புக்கைக் காட்டுவேன். உண்மையான கவலை வேறு இடத்தில் இருக்கிறது. விரிந்து நிற்கும் கோடுகள் பகலில் கொஞ்சம் வெயிலைத் திருப்பி அனுப்பினாலும், பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் போர்வைபோல் பிடித்து வைக்கின்றன. இரவில் பிடித்து வைப்பது மட்டும்தான். 2021-ல் வெளியான ஒரு விரிவான ஆய்வின்படி, விமானப் போக்குவரத்து பூமியைச் சூடாக்குவதில் இந்தக் கோட்டு மேகங்களின் பங்கு, அதுவரை சேர்ந்த விமானக் கரியமில வாயுவின் பங்கைவிடப் பெரிது. நான் பொன்னென்று எடுத்த கோடுகளும் அதில் அடக்கம். அதைப் படித்த வாரம் மாடிக்குப் போகவே தோன்றவில்லை. பிறகு 2023-ல் கூகிளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் செய்த சோதனை பற்றிப் படித்தேன்: 70 பயணங்களில், ஈரக் காற்றடுக்கை முன்கூட்டிக் கணித்து உயரத்தைச் சற்றே மாற்றிப் பறந்ததில் கோடுகள் 54 சதவீதம் குறைந்தன. பில் புக்கில் நான் எழுதி வைத்த அதே ஓரிரண்டாயிரம் அடி வித்தியாசம். ஒரு நாள் இந்தக் கோடுகள் எல்லாம் இல்லாமல் போனால் எனக்கு வருத்தம் இருக்கும். போகட்டும் என்றும்தான் நினைக்கிறேன். இருக்கும்வரை எடுத்து வைக்கிறேன்.

எதிர்வீட்டு அக்காவின் மகன் துபாயில் இருக்கிறான். போன பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் அவரே மாடிப்படி ஏறி வந்தார். "தம்பி, நாளைக்குக் காலைல புள்ள வரான். அவன் வர்ற பிளைட்டு நம்ம மேல போவுமா? காட்டுவியா?" விமான எண்ணை வாங்கி ஆப்பில் போட்டேன். மறுநாள் ஏழே முக்காலுக்கு இருவரும் மேற்கே பார்த்து நின்றோம். ஊருக்கு வடக்கே கொஞ்சம் தள்ளி வந்தது. அக்கா கோட்டைத் தேடினார், கோடு இல்லை. சென்னையில் இறங்கப் போகிற விமானம் எங்கள் ஊர்ப் பக்கம் வரும்போதே 15,000 அடிக்கு வந்துவிடும். அந்த உயரத்தில் குளிர் உறைநிலையை ஒட்டித்தான் இருக்கும், அது போதாது. எஞ்சின் சத்தம் லேசாகக் கேட்டது. காலை வெயில் எதிரே அடித்ததில் மூக்கும் இறக்கை நுனியும் மின்னின, வாலின் நிறம் தெரிந்தது.

"ஏம்பா கோடே காணோம்?"

"கீழ எறங்குதுக்கா. கோடு போட்டுக்கினு போறதெல்லாம் நம்மள தாண்டிப் போறது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது கோபுரத்துக்கு அந்தப் பக்கம் போய் மறையும்வரை கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை எட்டுக்குப் பன்னிரண்டு போட்டு ஃபிரேம் செய்து கொடுத்தேன். வெளிர் நீலத்தில் ஒரு விமானம், பின்னால் எதுவும் இல்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

லீவு முடிந்து அவன் திரும்பியது ராத்திரி விமானத்தில். அன்றும் அக்கா மாடிக்கு வந்தார். நான் கேமராவை எடுக்கவில்லை. இருட்டில் மூன்று விளக்குகள் வெவ்வேறு உயரத்தில் மினுக்கிக்கொண்டு போயின. போனைப் பார்த்து, நடுவில் மேற்கே ஏறிக்கொண்டிருந்ததைக் கை நீட்டிக் காட்டினேன்.